குஞ்சு விட்டால் மீன் பெருகுமா?

கேள்வியை முதலில் சுருக்கமாக எழுதிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியும். ஒரு பெரிய ஏரி, அதில் ஒரு ஆறு வந்து விழுகிறது. பத்துப் பதினைந்து வருடமாக மீன்பாடு குறைந்துகொண்டே வருகிறது, கிடைக்கிற மீனும் சிறுத்துவிட்டது. வருடா வருடம் லட்சக்கணக்கில் குஞ்சு விட்டும் பெரிதாகப் பலன் இல்லை. இன்னும் அதிகமாகக் குஞ்சு விடலாமா, இல்லை இரண்டு வருடம் மீன்பிடியை மொத்தமாக நிறுத்திப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். மீன் குறைந்திருக்கிறது என்பது தெரிகிறது, சரி. அது எந்த வயதில் காணாமல் போகிறது என்பது உங்களுக்கு இன்னும் தெரியவில்லை, அது தெரியாமல் எடுக்கிற எந்த முடிவும் குருட்டாம்போக்குதான்.

ஏன் வயதைப் பிடித்துத் தொங்குகிறேன் என்றால், மீனின் பிழைப்புக் கணக்கு ஆடு மாட்டுக் கணக்கு மாதிரி இல்லை. ஒரு தாய் மீன் வாழ்நாளில் லட்சக்கணக்கில் முட்டையிடலாம். அதில் சராசரியாக இரண்டே இரண்டு வளர்ந்து, இனப்பெருக்கம் செய்கிற வயதை எட்டினால் போதும், கூட்டம் குறையாமல் நிற்கும். மற்றதெல்லாம் போய்விடும், பெரும்பாலானவை முதல் சில வாரங்களிலேயே. அந்த வாரங்களில் தீனி கொஞ்சம் கூடக் கிடைத்தாலோ, தண்ணீர் கொஞ்சம் சீக்கிரம் வற்றினாலோ, நான்கு வருடம் கழித்து வலையில் விழுவது பல மடங்கு மாறிவிடும். நார்வேயைச் சேர்ந்த மீன் ஆராய்ச்சியாளர் யோகான் யோர்ட் 1914-லேயே இதை எழுதிவிட்டார். அங்கே 1904-ல் பிறந்த ஹெர்ரிங் மீன்கள் மட்டும் அதற்கு முன்பும் பின்பும் பிறந்தவற்றை எல்லாம் ஓரம் கட்டிவிட்டு, பல வருடங்களுக்கு மீன்பாட்டில் பெரும்பங்காக வந்துகொண்டே இருந்தன. தாய் மீன் எண்ணிக்கை அந்த வருடம் திடீரென்று கூடிவிடவில்லை. குஞ்சுகள் பிழைத்தன, அவ்வளவுதான்.

அதனால் முதல் வேலை அளப்பது. முக்கியமான இனம் ஒவ்வொன்றிலும் முந்நூறு நானூறு மீனையாவது, பல வலைக்கண் அளவுகளில் பிடித்து, நீளம் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே வலையில் பிடித்ததை மட்டும் அளக்காதீர்கள், அப்படிச் செய்தால் உங்கள் வலையைத்தான் அளந்திருப்பீர்கள். செவுள் வலை ஒரு குறிப்பிட்ட பருமனைத்தான் பிடிக்கும், சின்னது நுழைந்து போய்விடும், பெரியதற்குத் தலையே உள்ளே போகாது. பிறகு எந்த நீளத்தில் எத்தனை மீன் என்று ஒரு படம் வரையுங்கள். சின்ன மீன் ஏராளம், ஓரளவு வளர்ந்ததும் சட்டென்று இல்லாமல் போகிறது என்றால் பெரும்பாலும் அது வலையின் வேலை. பெரிய மீன் கொஞ்சம் இருக்கிறது, குட்டி மீனையே காணோம் என்றால் முட்டையிடும் இடத்திலோ குஞ்சு வளரும் இடத்திலோ கோளாறு, அங்கே மீனவரைத் திட்டிப் பயனில்லை. எல்லாம் ஒரே அளவில், மெலிந்து, தலை பெரிதாக உடம்பு ஒல்லியாக இருந்தால் கூட்டம் அதிகம், தீனி போதவில்லை என்று பொருள். இந்த மூன்றாவது நிலையில் குஞ்சு விடுவதைவிட மோசமான காரியம் இல்லை, இன்னும் கொஞ்சம் மீனைப் பிடித்து எடுத்தால்தான் மிச்சம் இருப்பது வளரும்.

முடிந்தால் சில மீன்களின் காதுக்கல்லையும் எடுத்துப் பாருங்கள். தலைக்குள் இருக்கும் சின்னச் சுண்ணாம்புக் கல் அது, அறுத்துத் தேய்த்து உருப்பெருக்கியில் வைத்தால் மரத்தின் வளையம் போல வரிகள் தெரியும். குளிர்நாட்டு மீன்களில் வருடத்துக்கு ஒரு வரி என்று ஓரளவு நம்பலாம். வெப்பமான நீரில் மழைக்காலமோ முட்டையிடும் பருவமோ வரியைப் போட்டுவிடும், சில இனங்களில் வருடத்துக்கு இரண்டு வரிகூட வரும், அதனால் வரியை எண்ணும் முன் அது எதைக் காட்டுகிறது என்று சரிபார்க்க வேண்டும். இந்த வேலைக்கு யாரும் பணம் ஒதுக்குவதில்லை என்பது வேறு கதை. குஞ்சு விடும் விழா என்றால் படம் எடுக்கலாம், காதுக்கல் அறுப்பதை யார் படம் எடுப்பார்கள்?

இப்போது உங்கள் இரண்டு வருடத் தடை. இதைக் கேட்டதும் எனக்கு ஞாபகம் வந்தது கனடாவின் நியூபவுண்ட்லாந்து காட் மீன். பல நூறு வருடம் பிடித்தும் தீராத மீன் என்று பெயர் எடுத்தது. பெரிய இழுவைக் கப்பல்கள் வந்தபின் 1968-ல் மட்டும் சுமார் 8 லட்சம் டன் பிடித்தார்கள். பிறகு பாடு சரிந்தது, 1977-ல் கனடா 200 கடல் மைல் எல்லை போட்டு வெளிநாட்டுக் கப்பல்களை வெளியேற்றியது, இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினார்கள். எண்பதுகளில் கரையோரம் சிறு படகில் பிடிக்கிறவர்கள் மீன் குறைகிறது, சிறுக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஆனால் பெரிய கப்பல்களுக்கு மணிக்கு இவ்வளவு என்ற கணக்கில் மீன் நன்றாகவே விழுந்துகொண்டிருந்தது, மதிப்பீடு செய்தவர்களும் அந்தக் கணக்கைப் பெரிதாக நம்பினார்கள். எங்கே தவறு என்றால், மீன் குறையக் குறைய மிச்சம் இருப்பது பரவி நிற்காமல் நல்ல இடங்களில் ஒன்று கூடிக்கொண்டது, கருவிகளும் அந்தக் கூட்டத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதில் வருடா வருடம் கெட்டிக்காரத்தனம் காட்டின. கடைசிக் கூட்டம் தீரும் வரை வலை நிறைந்துதான் வரும். 1992 ஜூலை 2 அன்று மீன்பிடியை நிறுத்தினார்கள், சுமார் 30,000 பேருக்கு வேலை போயிற்று. அப்போது சொன்னது என்ன தெரியுமா? இரண்டு வருடம். தடையை முழுசாக விலக்கியது 2024-ல், அதுவும் மீன் பழைய அளவுக்கு வந்துவிட்டதால் அல்ல.

ஏன் இரண்டு வருடத்தில் திரும்பவில்லை? காட் தின்கிற கேப்லின் என்ற சின்ன மீனும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலேயே சரிந்திருந்தது, தண்ணீர் வழக்கத்தைவிடக் குளிர்ந்திருந்தது, இதெல்லாம் காரணம். இன்னொன்று, அங்கே வயதான பெரிய தாய் மீன்களே மிச்சம் இல்லை. நம் ஆட்கள் இதைத்தான் சரியாகப் புரிந்துகொள்வதில்லை. பத்து கிலோ மீன் ஒன்றும் ஒரு கிலோ மீன் பத்தும் ஒன்றுதானே என்று நினைக்கிறார்கள், தராசில் ஒன்றுதான், முட்டைக் கணக்கில் இல்லை. 2018-ல் வந்த ஓர் ஆய்வின்படி, 30 கிலோ எடையுள்ள ஒரு காட் தாய் இடும் முட்டைக்கு ஈடு கட்ட 2 கிலோ தாய்கள் 28 வேண்டும். எடையை மட்டும் பார்த்தால் 15 போதும். பல இனங்களில் பெரிய தாயின் முட்டையும் பெரிது, அதில் மஞ்சள் கரு அதிகம், குஞ்சுக்குத் தீனி கிடைக்காத நாட்களைக் கொஞ்சம் கூடத் தாங்கும்.

அதனால் சின்ன மீனை விடு, பெரிய மீனைப் பிடி என்ற விதி பாதி சரி. ஒரு முறையாவது முட்டையிடட்டும் என்று கீழே ஓர் அளவு வைப்பது அவசியம், அதற்கு உங்கள் இனத்தில் பாதி மீன்கள் எந்த நீளத்தில் முதல் சினை பிடிக்கின்றன என்று தெரிந்திருக்க வேண்டும், வயிற்றைக் கிழித்துப் பார்த்தால் ஒரு பருவத்திலேயே தெரிந்துவிடும். அதோடு மேலேயும் ஓர் அளவு வையுங்கள் என்பேன், இந்த நீளத்துக்கு மேல் போனால் அதுவும் தண்ணீருக்கே. அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் ரெட் டிரம் என்ற மீனை 18 அங்குலத்துக்கும் 27 அங்குலத்துக்கும் இடையில் இருந்தால்தான் வைத்துக்கொள்ளலாம். தூண்டிலில் இது எளிது. செவுள் வலையிலும் மிகப் பெரிய வலைக்கண்ணைத் தடை செய்தால் கிட்டத்தட்ட அதே பலன் வரும். படகு இழுத்துக்கொண்டு போகும் இழுவை மடி வலையில்தான் சிக்கல், அங்கே எவ்வளவு பெரிய கண் வைத்தாலும் இழுக்கும்போது சாய்சதுரக் கண்கள் இறுகி மூடிக்கொள்ளும், சதுரக் கண்ணாகத் திருப்பிக் கட்டினால் திறந்தே இருக்கும். ஆழத்திலிருந்து சட்டென்று தூக்கிய மீனின் காற்றுப்பை உப்பிவிடும், அதைத் திருப்பி விட்டேன் என்று கணக்கு எழுதுவதில் அர்த்தமில்லை, பெரும்பாலும் பிழைக்காது.

தடையே வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கே, எப்போது என்று குறிவைத்தால் நன்றாக வேலை செய்யும். கரீபியக் கடலில் லிட்டில் கேமன் தீவருகே நாசாவ் குரூப்பர் என்ற பெரிய மீன் குளிர்காலத்தில் ஒரே இடத்தில் கூடித்தான் முட்டையிடும். அந்த இடம் 2001-ல் மீனவர் கண்ணில் பட்டது, சுமார் 7,000 மீன், இரண்டே பருவத்தில் 4,000 பிடித்தாயிற்று. 2003-ல் தடை வந்தது. முதல் பல வருடங்கள் பெரிதாக ஒரு மாற்றமும் இல்லை. பிறகு குஞ்சுகள் நன்றாகப் பிழைத்த ஒரு நல்ல வருடம் வந்தது, எண்ணிக்கை ஏறத் தொடங்கி 2018-ல் 7,000-ஐத் தாண்டியது. யோர்ட் சொன்னதுதான் மறுபடியும்: நல்ல வருடம் எப்போது வரும் என்று நமக்குத் தெரியாது, வரும்போது தாய் மீன் தண்ணீரில் இருக்க வேண்டும். உங்கள் ஏரியில் மொத்தமாக இரண்டு வருடம் மூடிவிட்டு மூன்றாம் வருடம் திறந்தால், முதல் மாதத்திலேயே எல்லா வலையும் இறங்கி இரண்டு வருடச் சேமிப்பை வாரிக்கொண்டு போய்விடும். அதைவிட, முட்டையிடும் ஐந்தாறு வாரமும் ஆறு ஏரியில் கலக்கும் வாயும் நிரந்தரமாக மூடப்பட்டிருந்தால் செலவும் குறைவு, சண்டையும் குறைவு.

இனி தண்ணீர். இதைக் கடைசியில் வைக்கிறேனே தவிர, பாதிக்கு மேற்பட்ட ஏரி ஆறுகளில் இதுதான் முதல் காரணம் என்பது என் அபிப்பிராயம்.

ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளுங்கள். 0 டிகிரியில் ஒரு லிட்டர் நன்னீரில் சுமார் 14.6 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 30 டிகிரியில் சுமார் 7.5 தான். அதே சூட்டில் மீனுக்கு மூச்சுத் தேவை கூடும், அதாவது வரவு பாதியாகும்போது செலவு ஏறுகிறது. சாக்கடையும் உரமும் கலந்து பச்சைப் பாசி பிடித்த ஏரியில் பகலில் பாசி ஆக்சிஜனைக் கொட்டும், இரவு முழுக்க அதே பாசியும் மூச்சு விடும், விடியும் நேரத்தில் தண்ணீரில் ஒன்றும் மிச்சம் இருக்காது. 5 மில்லிகிராமுக்குக் கீழே போனாலே பல மீன்கள் திணறத் தொடங்கும், 2-க்குக் கீழே பெரும்பாலானவை தாங்காது. ஆனால் ஆய்வுக்கு வருகிறவர்கள் எப்போது வருவார்கள்? பதினொரு மணிக்கு மேல். கருவி 9, 10 என்று காட்டும், தண்ணீர் அருமை என்று எழுதிவிட்டுப் போவார்கள். விடியற்காலை நான்கரை, ஐந்து மணிக்கு, மேல்மட்டத்திலும் அடியிலும் அளந்த கணக்கு இல்லாவிட்டால் அந்த அறிக்கையை நம்பாதீர்கள். ஒரு குறிப்பு: மீன் செத்து மிதக்கும்போது பெரியவை முதலில் போயிருந்தால் ஆக்சிஜனைச் சந்தேகப்படுங்கள், குட்டிகளும் தவளைக்குஞ்சும் சேர்ந்து போயிருந்தால் விஷத்தைச் சந்தேகப்படுங்கள்.

அடுத்து நீர்மட்டம். பல மீன்கள் புதுவெள்ளம் வந்ததும் ஆற்றில் ஏறி, இல்லையென்றால் ஓரத்தில் வெள்ளம் ஏறிய புல்வெளிக்குள் புகுந்து முட்டையிடும். முழங்கால் ஆழத் தண்ணீர், மூழ்கிய புல், கொசுப்புழு, வெயில், குஞ்சுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. அங்கே கரை எழுப்பி, ஓரத்தைக் கல் பதித்து, புல்லை வழித்து ‘அழகு’ படுத்திவிட்டால் ஏரி பார்க்க நன்றாக இருக்கும், குஞ்சு பிழைக்காது. மதகைத் திறக்கிறவர் ஒரே வாரத்தில் மட்டத்தை ஒரு மீட்டர் இறக்கினால் ஓரத்தில் இட்ட முட்டையெல்லாம் காய்ந்து போகும். இதற்கு ஒரு ரூபாய் செலவில்லாத தீர்வு இருக்கிறது, முட்டையிடும் பருவத்தில் மட்டத்தை மெதுவாக இறக்குங்கள் என்று மதகுக்காரரிடம் பேசுவது. பல இடங்களில் மீன் துறையும் நீர்த் துறையும் ஒரே மேசையில் உட்கார்ந்ததே இல்லை.

உங்கள் ஆற்றில் குறுக்கே தடுப்பு ஏதாவது இருக்கிறதா என்று கேள்வியில் சொல்லவில்லை. இருந்தால் அங்கிருந்து ஆரம்பியுங்கள். மீன் ஏணி கட்டினால் போதும் என்று சொல்வார்கள், பெரும்பாலான ஏணிகள் பாய்ந்து குதிக்கும் சால்மனை மனதில் வைத்து வடிவமைத்தவை, கெளுத்தியும் விலாங்கும் அதில் ஏறும் என்று எதிர்பார்க்க முடியாது. ஏறினாலும் மேலே இருப்பது அசையாத நீர்த்தேக்கம், குஞ்சு கீழே திரும்பி வர வழி தெரியாது. சீனாவின் யாங்சி ஆற்றில் துடுப்புமூக்கு மீன் என்று ஒன்று இருந்தது, ஏழு மீட்டர் வரை வளரும் என்பார்கள். 1981-ல் கெசோபா அணை ஆற்றை அடைத்தபோது அது முட்டையிடும் மேல்பகுதிக்குப் போகும் வழி அடைபட்டது. வயதான மீன்கள் அதன் பிறகும் அவ்வப்போது வலையில் வந்தன, அதனால் இருக்கிறது, இருக்கிறது என்றே நினைத்தார்கள். கடைசியாக உயிரோடு பார்த்தது 2003-ல். நீண்ட ஆயுள் உள்ள மீனில் இந்த ஆபத்து எப்போதும் உண்டு, குஞ்சு நின்று இருபது வருடம் ஆனபிறகுதான் தாய்கள் தீர்ந்துபோவது கண்ணுக்குத் தெரியும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. அமெரிக்காவில் எல்வா ஆற்றின் இரண்டு அணைகளை 2011-லிருந்து 2014-க்குள் உடைத்து எடுத்தார்கள், ஒன்று நூறு வருடப் பழசு. அடைந்து கிடந்த மணலும் வண்டலும் கடலுக்குப் போய் முகத்துவாரத்தில் புதுக் கரை உருவானது, சால்மன் தானாகவே மேலே ஏறத் தொடங்கியது. கிளமாத் ஆற்றில் நான்கு அணைகளை அகற்றும் வேலை 2024-ல் முடிந்தது, சில வாரங்களிலேயே சால்மன் பழைய அணை இருந்த இடத்தைத் தாண்டி மேலே போனது.

சரி, குஞ்சு விடுவது. இரண்டு சந்தர்ப்பத்தில் நான் ஆதரிப்பேன். ஒன்று, அந்த நீரில் அந்த இனம் முட்டையிடவே முடியாது, உதாரணமாக ஓடுகிற நீரில் மட்டும் முட்டையிடும் பெருங்கெண்டைகளை அசையாத குளத்தில் வளர்ப்பது. அது விதைத்து அறுக்கிற வேலை, நன்றாகச் செய்யலாம், அதற்கு மீன்வளப் பாதுகாப்பு என்று பெயர் சூட்டாமல் இருந்தால் சரி. இரண்டு, ஓர் இனம் அங்கே அற்றுப்போய், அற்றுப்போனதற்கான காரணமும் சரிசெய்யப்பட்ட பிறகு மறுபடி கொண்டுவருவது. உங்கள் ஏரி இரண்டிலும் சேராது, அங்கே சொந்தமாக இனம் பெருகும் மீன்கள் இருக்கின்றன. லட்சம் விரலி, அதாவது விரல் நீளக் குஞ்சு, விட்டால் அதில் பெரும்பகுதி விராலுக்கும் நீர்க்காகத்துக்கும் தீனி, பிழைத்தது காட்டு மீனின் குஞ்சோடு அதே தீனிக்குப் போட்டி போடும். இன்னொரு சங்கடம், பண்ணையில் பிறந்தது பண்ணை வாழ்க்கைக்குப் பழகிய மீன். அமெரிக்காவில் ஹூட் ஆற்றின் ஸ்டீல்ஹெட் மீன்களை மரபணு வழியாகப் பின்தொடர்ந்து 2007-ல் வெளியிட்ட ஆய்வில், பண்ணையில் கழிந்த ஒவ்வொரு தலைமுறைக்கும் இயற்கையில் சந்ததி விடும் திறன் சுமார் 40 சதவீதம் குறைந்தது. அவை உள்ளூர் மீனோடு கலந்தால் அந்தப் பலவீனமும் கலக்கும். வெளி இன மீனைக் கொண்டுவந்து விடுவது பற்றிப் பேசவே வேண்டாம், விக்டோரியா ஏரியில் நைல் பெர்ச் விட்ட கதை போதும், எண்பதுகளில் அது பெருகியபோது உலகில் வேறெங்கும் இல்லாத சின்ன சிக்லிட் இனங்கள் நூற்றுக்கணக்கில் காணாமல் போயின. வீட்டுத் தொட்டி மீனை ஏரியில் ‘விடுதலை’ செய்கிறவர்களையும் இந்தக் கணக்கில்தான் சேர்ப்பேன்.

விதிகளை யார் போடுவது என்பதில் எனக்கு ஒரு சாய்வு உண்டு, ஒளிக்கவில்லை: பிடிக்கிறவர்கள் உட்கார்ந்து போட்ட விதிதான் நிற்கும். துருக்கியின் அலன்யாவில் எழுபதுகளில் நல்ல இடத்துக்கு அடிதடி நடந்தது. பிறகு மீனவர்களே இடங்களுக்குப் பட்டியல் போட்டு, செப்டம்பரில் சீட்டு எடுத்து, ஜனவரி வரை தினமும் ஒவ்வோர் இடமாகக் கிழக்கே நகர்வது, அதன்பின் மேற்கே நகர்வது என்று வைத்துக்கொண்டார்கள். யாராவது அடுத்தவர் இடத்தில் வலை போட்டால் அன்றைக்கு அந்த இடத்துக்கு உரியவரே கேட்டுவிடுவார், காவலுக்கு ஆள் வேண்டியதில்லை. எலினோர் ஆஸ்ட்ரோம் இதை எடுத்துக்காட்டியதால் உலகத்துக்குத் தெரிந்தது, அவருக்கு 2009-ல் பொருளாதார நோபல் கிடைத்தது. மெக்சிகோவின் காபோ புல்மோவிலும் உள்ளூர்க்காரர்கள் முன்னின்றுதான் காப்பகம் வந்தது, 1999-க்கும் 2009-க்கும் இடையில் அங்கே மீன்களின் மொத்த எடை 463 சதவீதம் கூடியது. ஆள் இல்லாமல் அறிவிப்புப் பலகை மட்டும் வைத்த காப்பகங்களில் இப்படி நடக்காது.

ஆக இந்த வருடம் நீங்கள் செய்ய வேண்டியது: குஞ்சுக்கு வைத்திருக்கும் பணத்தில் ஒரு பகுதியை எடுத்து, மாதத்துக்கு இரண்டு நாள் கரையில் மீன் அளக்க ஆள் போடுங்கள், அந்த வேலையை மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கே கொடுத்தால் நல்லது. எத்தனை படகு, எத்தனை மணி நேரம், எந்த வலை என்பதையும் பக்கத்திலேயே குறிக்கச் சொல்லுங்கள், முயற்சியின் கணக்கு இல்லாத மீன்பாட்டுக் கணக்கால் பயனில்லை. விடியற்காலை ஆக்சிஜனை வருடம் முழுக்க எடுங்கள். ஆற்றுவாயில் எந்த மீன் எப்போது ஏறுகிறது என்று வயதானவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், அவர்கள் சின்ன வயதில் பிடித்த மீனின் அளவையும் கேளுங்கள், ஏனென்றால் இப்போதைய இளைஞர்களுக்கு இந்தச் சின்ன மீன்தான் சாதாரண மீன். அப்புறம் ஒன்று, அளக்கும்போது வால் நுனி வரையா, வாலின் கவை வரையா என்பதை முதல் நாளே முடிவு செய்து எல்லோருக்கும் ஒரே மாதிரிப் பலகை கொடுத்துவிடுங்கள். ஒருவர் நுனி வரை, இன்னொருவர் கவை வரை அளந்து ஒரு வருட வேலை மொத்தமும் குப்பைக்குப் போனதை நான் பார்த்திருக்கிறேன், அதில் ஒருவன் நான்தான்.